உலோகக்கலவையின் வலிமை: அணு அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்க்கப்படும் தனிமத்தின் கடினத்தன்மைதான் உலோகக்கலவைக்கு வந்து சேர்கிறது என்று எண்ணுவது முதல் தவறு. தூய அலுமினியமும் மென்மையானது, தூய செம்பும் மென்மையானது. ஆனால் அலுமினியத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பைச் சேர்த்து முறையாகச் சூடாக்கிக் குளிர்வித்தால், விமானத்துக்கு ஏற்ற வலிமை கிடைக்கிறது. உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் மொத்தமாக நழுவுவதில்லை. படிகத்துக்குள் அணு வரிசையின் ஒழுங்கு குலைந்த கோடாக உள்ள டிஸ்லொகேஷன் என்னும் குறைபாடு நகர்வதால்தான் அந்த நழுவல் நடக்கிறது என்று டெய்லர், ஒரோவான், போலன்யி ஆகிய அறிவியலாளர்கள் 1934-இல் தனித்தனியே விளக்கினர். சேர்க்கும் அணு அந்த நகர்வைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா அணுக்களும் ஒரே அளவுக்குத் தடுக்கும் என்று கொள்வதும் தவறு. தங்கம், வெள்ளி இரண்டின் அணு ஆரமும் சுமார் 0.144 நானோமீட்டர்; செம்பினுடையது 0.128. ஆகவே வெள்ளி அணு தங்கத்தின் அணிக்கோவையில் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கில்) பெரிய சிதைவு எதையும் உண்டாக்காமல் அமர்ந்துவிட, செம்பு அணு சுற்றியுள்ள அணுக்களை உள்நோக்கி இழுக்கிறது. 22 காரட் நகையில் செம்பின் பங்கு கூடினால் நகை கூடுதல் உறுதி பெறுவது இதனால்தான்.

எனினும் மிகப் பெரிய தவறு, விழுக்காட்டை மட்டும் பார்த்து வலிமையைக் கணிப்பதே. 1906-இல் ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தபோது, அது சில நாட்களில் அறை வெப்பநிலையிலேயே தானாகக் கடினமானதைக் கண்டார். கலவையில் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாறியது அணுக்களின் இருப்பிடம். சிதறிக் கிடந்த செம்பு அணுக்கள் ஓர் அணு தடிமனுள்ள நுண்தட்டுகளாகத் திரள்வதை 1938-இல் கினியே, பிரஸ்டன் இருவரும் எக்ஸ் கதிர் வழியே தனித்தனியாகக் கண்டறிந்தனர். நெருக்கமாக அமைந்த இத்தட்டுகள் டிஸ்லொகேஷனுக்குக் கடும் தடையாகின்றன. அதிகம் சூடாக்கினால் அவை பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து, இடைவெளி விடுகின்றன. டிஸ்லொகேஷன் அவற்றைச் சுற்றி வளைந்து தப்பிவிடுவதால் வலிமை சரிகிறது. இத்தகைய அலுமினியத்தை வெல்டிங் செய்யும்போது அந்த வெப்பத்தால் இணைப்பை ஒட்டிய பகுதி பலவீனமாவதைக் கணக்கில் எடுக்காமல் வடிவமைப்பது ஆபத்தானது.

அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் உதவாது. திட அலுமினியம் 548 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் 5.65 விழுக்காடு செம்பைத்தான் கரைத்து வைக்கும். மிஞ்சிய செம்பு நொறுங்கும் தன்மையுள்ள பெரிய துகள்களாகத் தங்கி, விரிசலுக்கு வழிவிடும்.

வலிமையையும் விறைப்பையும் ஒன்றெனக் குழப்பக் கூடாது. பதப்படுத்திய 7075 அலுமினியக் கலவையின் நெகிழ்வு வரம்பு, அதாவது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, சுமார் 500 மெகாபாஸ்கல்; தூய அலுமினியத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் இரண்டிலும் 70 ஜிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கிறது, ஏனெனில் அது அணுப் பிணைப்பைப் பொறுத்தது. எனவே ஒரு தகடு பாரத்தில் அதிகமாகத் தொய்கிறது என்றால், மேலும் வலிமையான அலுமினியக் கலவையைத் தேடாமல் அதன் தடிமனையோ வடிவத்தையோ மாற்ற வேண்டும்.