அறளை பெயர்ந்தவருக்குக் குளிசை தொடங்குமுன்

"அறளை பெயர்ந்துவிட்டது" என்று வன்னியில் நாம் சொல்லும் முதுமை மறதிநோய்க்கு (அல்சைமர் இதில் ஒரு வகை) மருந்து உண்டு. ஆனால் அது செய்யும் வேலை சிறியது. டொனிபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மூன்றும் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் சிதைவதைக் குறைப்பவை. மெமன்டின் வேறு வழியில் செயற்பட்டு, நோய் நடுக்கட்டத்தை அடைந்தபின் பயன்படுவது. எதுவும் நோயை நிறுத்தாது. 30 புள்ளி நினைவுச் சோதனையில், டொனிபெசில் உட்கொண்ட அல்சைமர் நோயாளிகள் ஆறு மாத முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு புள்ளிதான் மேலே நின்றார்கள்.

ஆகவே முதற் குளிசைக்கு முன்பே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று அன்றாடக் காரியங்களைத் திகதியிட்டு எழுதிவையுங்கள். என் தாயாருக்கு நான் எழுதியவை: கிணற்றடிக்குத் தனியே போய்த் திரும்புகிறாரா, தேத்தண்ணிக்கு இரண்டாந் தடவை சீனி போடுகிறாரா, பொழுது சாயும்போது எத்தனை தரம் "வீட்டுக்குப் போவம்" என்கிறார். மூன்று மாதத்தின் பின் அதே மூன்றையும் பாருங்கள். மாற்றம் இல்லாதிருப்பதும், தேய்ந்துகொண்டே போகும் இந்நோயில், பலனாக இருக்கலாம்.

விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும் என்பதால் அவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். தடிமனுக்கு வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையும் குழப்பத்தைக் கூட்டக்கூடியது. வீட்டிலுள்ள குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

குமட்டலும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் சில கிழமைகளில் தணியும். தலைசுற்றி விழுந்தாலோ நாடித்துடிப்பு மந்தமானாலோ காத்திருக்க வேண்டாம். டொனிபெசிலால் பயங்கரக் கனவு வந்தால் இரவுக் குளிசையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாரியில் பாதை வெள்ளத்தில் மூடி, ரிவாஸ்டிக்மின் மூன்று நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவைக் கொடுக்கக்கூடாது. குறைந்த அளவிலிருந்தே மறுபடி தொடங்குவார்கள்.

மாலையில் பை கட்டிக்கொண்டு படலையடியில் நிற்பதை இக்குளிசைகள் அவ்வளவாக மாற்றா. பலமுறை இடம்பெயர்ந்த ஒருவர் எந்த வீட்டைத் தேடுகிறார் என்று யாருக்குத் தெரியும்? மறுத்துப் பேசாமல் கூடவே வளவைச் சுற்றி நடந்து திரும்புவது எங்களுக்குக் கைகொடுத்தது. நித்திரைக் குளிசையோ, மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்றதோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். பின்னது இந்நோயுள்ள முதியோரில் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகிறது.

பலனில்லை என்று தோன்றினாலும் திடீரென நிறுத்த வேண்டாம். வைத்தியர் படிப்படியாகக் குறைக்கும் கிழமைகளில் அந்த மூன்று காரியங்களையும் மறுபடி கொப்பியில் குறியுங்கள், சட்டென்று சரிந்தால் அப்பக்கத்தையே காட்டுங்கள்.