கிளான் தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

பெங்களூர் பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் இருந்தபோது எங்கள் ரூமில் மூன்று பேர். மூன்று பேருமே கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேம் ஆடுவோம். அதில் ஆட்கள் சேர்ந்து ஆடும் குழுவுக்குத்தான் கிளான் என்று பெயர். திருநெல்வேலிக்கார ரூம்மேட் ஒரே மாதத்தில் ஐந்து கிளான் மாறினான். கேட்டால், "எல்லாம் உம்முன்னு இருக்கானுவ மச்சான், ஒரு ஹாய் சொன்னா பதில் இல்ல" என்பான். அவன் கிளான் தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவன் லெவலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளான் லெவல் ஏறும், இறங்காது. எப்போதோ ஆடிய வார்களில் (கிளானுக்கும் கிளானுக்கும் நடக்கும் சண்டை) சேர்த்த கணக்கு அது. சேர்த்துக் கொடுத்தவர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டிருப்பார்கள், லெவல் மட்டும் பளபளவென்று நிற்கும். அதற்குப் பதிலாக உறுப்பினர் பட்டியலைத் திறந்து, இந்த சீசனில் யார் மற்றவர்களுக்கு எவ்வளவு படை டொனேட் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐம்பது பேர் இருந்தும் பாதிக்கு மேல் பூஜ்யம் என்றால் அது பூட்டிய வீடு. இருபது பேரே இருந்தாலும் எல்லோர் பெயருக்கு எதிரேயும் ஏதாவது ஒரு எண் இருந்தால், கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

அதே பட்டியலில் இன்னொன்றும் கவனியுங்கள்: லீடருக்கு அடுத்த பதவியான கோ-லீடர் எத்தனை பேர்? பாதிப் பேர் கோ-லீடர் என்றால் தாராள மனசு என்று மயங்காதீர்கள். கோ-லீடர் யாரை வேண்டுமானாலும், லீடரையும் சக கோ-லீடர்களையும் தவிர, கிக் செய்யலாம். வாரையும் அவரே தொடங்கலாம். ஒருவருக்குக் கோபம் வந்தால் நீங்கள் வெளியே.

பெயரில் 'பெங்களூர்' என்றோ 'தமிழ்' என்றோ இருந்தால் உடனே சேர்ந்துவிடுவது அடுத்த தவறு. விளையாட்டில் இடம் என்று குறிக்க நாடு வரைக்கும்தான் வசதி; ஊர்ப் பெயர் லீடர் தன் விருப்பத்துக்கு வைத்தது. அல்சூரில் இருக்கிறவர்கள் கிடைப்பார்கள் என்று ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். பேச்சு முழுக்க ஹிந்தி. யார் மேலும் குற்றமில்லை, ஆனால் வார் நேரத்தில் யார் எதிரணியில் எந்தப் பேஸை, அதாவது யாருடைய கோட்டையை, அடிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பெங்களூருக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது நேரத்தில்தான். வாருக்குத் தயாராகும் நாள் 23 மணி நேரம், சண்டை நாள் 24 மணி நேரம். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வார் அமைந்தால் ஞாயிறு இரவு 10 மணிக்குச் சண்டை தொடங்கி, திங்கள் இரவு 10 மணிக்கு முடியும். எனக்கு அப்போது மாலை ஆறரை மணி ஷிப்ட். எல்லோரும் கூடிப் பேசி அடிக்கிற அந்தக் கடைசி மூன்று மணி நேரம், நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாரில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு அட்டாக்கும் வீண். ஆள் நல்லவன்தான், ஆனால் கிளானுக்கு உபயோகமில்லை. அதனால் சேர்ந்த அன்றே, வழக்கமாக எத்தனை மணிக்கு வார் போடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒத்துவராத வாரம் வார் விருப்பத்தைச் சிவப்புக்கு, அதாவது 'நான் வரவில்லை' என்று, மாற்றி வையுங்கள். அதற்காகத்தான் அந்தப் பட்டன் இருக்கிறது.

சரி, அன்பான கிளான் என்று எப்படித் தெரியும்? சேரும்முன் சாட்டைப் படிக்க முடியாது. சேர்ந்து இரண்டு நாள் வேடிக்கை பாருங்கள். யாராவது சொதப்பும்போது என்ன சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஒருமுறை பர்ப்பிள் லைன் மெட்ரோவில், எம்.ஜி. ரோடு நெருங்கும்போது வார் அட்டாக் தொடங்கினேன். மூன்று நிமிடம்தானே என்ற நினைப்பு. ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் சுரங்கத்தில் இறங்கியது, நெட் போனது. கையில் பாதிப் படை மிச்சம், கிடைத்தது மூன்றில் ஒரு ஸ்டார். பழைய கிளானாக இருந்தால் அன்றே கிக் விழுந்திருக்கும். இங்கே ஒருவர், "மெட்ரோவா? நானும் அங்கேதான் செத்தேன்" என்று போட்டார். இன்னொரு அட்டாக்குக்கு எந்தப் பேஸ் எளிது என்று எல்டர் (கோ-லீடருக்கு அடுத்த பதவி) ஒருவர் எண்ணைச் சொன்னார். அங்கேயே தங்கிவிட்டேன்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. உள்ளே நுழைந்ததும் "எல்டர் கொடுங்க" என்று கேட்பது, பந்தியில் உட்காரும்முன் பாயசம் கேட்பது மாதிரி.

நுழைவுக் கட்டணம் என்று யுபிஐ எண் அனுப்பினாலோ, பேஸ் சரிசெய்ய உங்கள் அக்கவுன்ட்டுக்குள் நுழையும் கோடைக் கேட்டாலோ பேச்சே வேண்டாம், வெளியேறுங்கள். வாட்ஸ்அப் குரூப் கட்டாயம் என்றால், முகம் தெரியாத நாற்பது பேருக்கு உங்கள் நம்பர் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காமல் கிளம்புவதிலும் முறை இருக்கிறது. வாருக்கு ஆள் எடுத்தபின் நீங்கள் போனால் உங்கள் இடத்தில் வேறு ஆளை வைக்க முடியாது. இரண்டு அட்டாக் அவர்களுக்கு நஷ்டம். வார் முடிந்ததும் "போயிட்டு வரேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். ரூம்மேட் அப்படிச் சொல்லிவிட்டு வந்த ஒரே கிளானில்தான் இப்போது மறுபடி இருக்கிறான்.