மண்டையோட்டுக்குள் சிரைப் பாதையை விரலால் தேடுவது எப்படி?

மூளையிலிருந்து இரத்தம் வடியும் வழிகளான சிரை சைனஸ்களைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தால் சீக்கிரம் மறந்துவிடும். எலும்பில் அவை பதித்த பள்ளங்களைத் தடவிப் பாருங்கள், மனதில் நிற்கும். மேல்மூடி கழலும் மண்டையோட்டு மாதிரி ஒன்று போதும். பிளாஸ்டிக்கில் பள்ளங்கள் மழுங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள்.

டியூரா என்ற தடித்த மூளையுறைக்கு இரண்டு அடுக்குகள். பெரும்பாலும் ஒட்டியே இருக்கும் இவை சில இடங்களில் விலகுகின்றன. அந்த இடைவெளிதான் சைனஸ்; அதில் சிரை இரத்தம் ஓடுகிறது. தசைச்சுவர் கிடையாது, வால்வும் கிடையாது.

படி 1: மூடி

கழற்றும் முன் நெற்றிப் பக்கத்தைப் பென்சிலால் குறியுங்கள். கவிழ்த்தால் திசை குழம்பும். உட்புற நடுக்கோட்டில் ஓடுவது மேல் சாஜிட்டல் சைனஸின் பள்ளம். வழிநெடுக சிரைகள் வந்து சேர்வதால் பின்னே போகப்போக அகலும். இருமருங்கிலும் உள்ள சிறு குழிகள் அரக்னாய்டு துகள்கள் (நடு மூளையுறையின் சிறு முண்டுகள்) அழுத்தியவை. மூளைத் தண்டுவடத் திரவம் அவற்றின் வழியே இரத்தத்தில் கலக்கும். வயதாக ஆகக் குழிகள் ஆழமாகும்.

பக்கங்களில் மரக்கிளைபோல் பிரியும் கோடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை மூளையுறைக்கு இரத்தம் தரும் நடு மெனிஞ்சியல் தமனியின் தடங்கள்.

படி 2: பின்பக்க மேடு

அடிப்பகுதியை, முகம் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வையுங்கள். பின்சுவரின் நடுவே ஒரு மேடு தட்டுப்படும். அங்கேதான் சைனஸ்கள் கூடுகின்றன. மூளையின் ஆழத்திலிருந்து வரும் ஸ்ட்ரெய்ட் சைனஸை எலும்பில் தேட வேண்டாம். அது டியூரா மடிப்புகளுக்குள்ளேயே வருவது, பள்ளம் பதிக்காது.

படி 3: வலப்பக்கம் திரும்புங்கள்

மேட்டிலிருந்து கிடைமட்டமாகப் போவது டிரான்ஸ்வர்ஸ் பள்ளம். உட்காதைத் தாங்கும் பெட்ரஸ் எலும்பின் அடிப்பாகத்தை எட்டியதும் 'எஸ்' வடிவில் கீழே வளைந்து சிக்மாய்டு ஆகி, மண்டையோட்டின் அடியிலுள்ள ஜுகுலர் துளையில் இறங்கும். வெளியே அதுவே கழுத்தில் இறங்கும் உள் ஜுகுலர் சிரை. இப்போது இடப்பக்கத்தையும் தடவுங்கள். பெரும்பாலோருக்கு வலப்பள்ளமே பெரிது. அதனால் ஸ்கேனில் இடது சைனஸ் குறுகித் தெரிந்தாலே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. சிக்மாய்டு காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பை ஒட்டியே ஓடுகிறது. முற்றிய காதுத் தொற்று இங்கே இரத்தத்தை உறைய வைக்கலாம்.

படி 4: சேணக்குழி

நடுவில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழிக்கு இருபுறமும் கேவர்னஸ் சைனஸ். உள் கரோடிட் தமனியும் ஆறாம் மூளை நரம்பும் இதன் ஊடாகவே செல்கின்றன. முகச்சிரை கண்சிரைகள் வழியே இதனுடன் இணைவதால் முகத்தின் தொற்று உள்ளே பரவலாம்; அதனால்தான் மூக்கோரப் பருவைப் பிதுக்காதே என்கிறார்கள். இங்கிருந்து பெட்ரஸ் முகட்டின் மெல்லிய பள்ளத்தில் விரலை நகர்த்துங்கள்: மேல் பெட்ரோசல் சைனஸ், சிக்மாய்டு தொடங்கும் வளைவில் சேரும். கீழ் பெட்ரோசல் நேரே ஜுகுலர் துளைக்குப் போகும்.