ஷோனா மக்களின் புனித மலைகள், குளங்கள், காடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்பாப்வேயில் ஷோனா மக்கள் புனிதமாகக் கருதும் மலைக்கும் குளத்துக்கும் மதில் கிடையாது, பெரும்பாலும் பெயர்ப்பலகைகூட இருக்காது. பொது இடம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். முதல் தவறு இதுதான்.

ஷோனா நம்பிக்கைப்படி நிலம் ம்ஹொண்டோரோ எனப்படும் பழைய தலைவர்களின் ஆவிகளுக்குச் சொந்தம். மழையைத் தருவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். அதனால் முதலில் போக வேண்டியது ஊர்த்தலைவரான சபுகுவிடம். தேவைப்பட்டால், ம்ஹொண்டோரோ யார்மேல் இறங்குகிறதோ அந்த ஸ்விகிரோவிடம் அவரே கேட்டுச் சொல்வார். வழிகாட்டிக்குக் கூலி கொடுத்துவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. சபுகுவின் முன் நின்றபடி பேச்சைத் தொடங்காதீர்கள். உட்கார்ந்து, கைதட்டி வணங்கிய பிறகே பேச வேண்டும். ஆண்கள் விரல்களை நேராகச் சேர்த்துத் தட்டுவார்கள். பெண்கள் உள்ளங்கையைக் குவித்துக் குறுக்காகத் தட்டுவார்கள்.

அதிகம் தவறு நடப்பது நீர்நிலைகளில். புனித ஊற்றில் சோப்புப் போடக்கூடாது. கரி படிந்த பானையையோ உலோகப் பாத்திரத்தையோ முக்கக்கூடாது. சுரைக்குடுவையால்தான் மொள்ள வேண்டும். மீறினால் நீரில் வாழும் ன்ஜுசு என்னும் ஆவி கோபித்துக்கொண்டு போய்விடும், ஊற்று வற்றிவிடும் என்பார்கள். ன்ஜுசு ஒருவரை நீருக்குள் இழுத்துக்கொண்டால் வீட்டார் அழக்கூடாது. அழுதால் அவர் திரும்பி வரமாட்டார். திரும்பி வருபவரோ வைத்தியராக வருவார். இந்தத் தடைகளால் குடிநீர் சுத்தமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் "இது வெறும் சுற்றுச்சூழல் ஏற்பாடு" என்று அவர்களிடமே விளக்கப் புறப்படுவது பெரிய அவமதிப்பு.

ராம்போதேம்வா எனப்படும் காடுகளில் கோடரி படக்கூடாது. பழத்தை அங்கேயே பசிக்குத் தின்னலாம். "புளிக்கிறது, அழுகல்" என்று குறை சொல்லக்கூடாது. முஹாச்சா மரத்தடியில் மழை வேண்டிப் படைக்கும் கேழ்வரகு பீரை மாதவிடாய் நின்ற பெண்கள்தான் காய்ச்சுவார்கள். அது தயாராக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கூப்பிடாமல் அங்கே போய்ப் படமெடுக்காதீர்கள்.

ஹராரேக்கு வடக்கே டொம்போஷாவா குகையில் ஓவியங்களைத் தொடுவதும், நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் அவற்றை அழித்துவிடும். அவற்றை ஷோனா ஓவியங்கள் என்று எழுதுவதும் பிழை. வரைந்தவர்கள் அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த சான் மக்கள். 2,592 மீட்டர் உயரமுள்ள ந்யங்கானி மலையைக் கேலி செய்தால் மலை ஆளை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. அங்கே சட்டென்று மூடுபனி இறங்கிப் பாதை தெரியாமல் போகும். பனி தொடங்கியதும் திரும்பிவிடுங்கள்.

மதோபோ குன்றுகளில் உள்ள ன்ஜெலெலே, இறைவனான ம்வாரியின் மழைத்தலம். காலணி, கைக்கடிகாரம், நகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அணுக வேண்டும். அதை ஷோனாக்களுக்கு மட்டும் உரியதாக எழுதாதீர்கள். கலங்கா, வெண்டா, ந்தெபெலே மக்களும் அங்கே மழை கேட்டு வருகிறார்கள். அதே குன்றுகளில், ஆவிகள் உறையும் மலிந்திட்சிமுவின் உச்சியில், இந்த நாட்டைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்த செசில் ரோட்ஸை 1902இல் புதைத்தார்கள். அந்த மனக்கசப்பு இன்றும் ஆறவில்லை.

தெரியாமல் தவறு செய்துவிட்டால் அன்றே சபுகுவிடம் சொல்லிவிடுங்கள். கோழியோ ஆடோ பணமோ அபராதமாகக் கேட்கலாம். பேரம் பேசாமல் கொடுங்கள். மறைத்துவிட்டு ஊர் திரும்பினால், அந்த ஆண்டு மழை பொய்க்கும்போது பழி அந்தக் கிராமத்தார் தலையில்தான் விழும்.