சீன மாணவர்களின் ஆங்கிலக் காதையும் கண்ணையும் சோதிப்பது எப்படி? முதல்முறை வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு

சீன மொழி பேசும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு குழப்பம் வரும். தேர்வு வைத்தால் மதிப்பெண் நன்றாகவே வருகிறது. அதே மாணவனிடம் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் சாதாரண வேகத்தில் கேட்டால் விழிக்கிறான். காரணம் எளிது. சின்ன வயதிலிருந்து கொள்குறி வினாக்களுக்குப் பழகிய பிள்ளைகள் அவர்கள். எது விடையாக இருக்க முடியாது என்று ஒதுக்கியே பாதித் தாளை முடித்துவிடுவார்கள். அதனால் மதிப்பெண் மட்டும் தரும் தாள் உங்களுக்குப் போதாது. மாணவன் சறுக்குவது காதிலா, சொல்லிலா, வாக்கிய அமைப்பிலா என்று அந்தத் தாள் காட்ட வேண்டும். அப்படி ஒன்றைத் தயாரிக்கும் முறைதான் இது.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

'சீன மாணவர்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வேலை நடக்காது. சீனப் பெருநிலத்தில் படிப்பவர்களின் கண் முழுக்க ஜூன் மாதம் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவோகாவ் மேல் இருக்கும். அதன் தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மீதி சொல், இலக்கணம், எழுத்து. தைவானில் கல்லூரி நுழைவுத் தேர்வு மையம் கேட்டலுக்குத் தனித் தேர்வே நடத்துகிறது. அதில் மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை கொடுப்பார்கள். ஹாங்காங்கில் 2012 முதல் நடக்கும் இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ் தேர்வில் கேட்டல் பகுதியை வானொலியில் ஒலிபரப்புவார்கள். மாணவர்கள் கையில் ரேடியோவும் இயர்போனுமாகத் தேர்வறைக்குப் போவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். மலேசியாவின் சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கும் கீழே வருவது அப்படியே பொருந்தும்.

இதோடு இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசுவது மாண்டரினா, கான்டனீஸா, வேறு வட்டார மொழியா? படிப்பது எளிமையாக்கப்பட்ட எழுத்திலா, பழைய எழுத்திலா? சீனா, சிங்கப்பூர், மலேசியாவில் முதல் வகை. தைவான், ஹாங்காங்கில் இரண்டாவது. தாளில் சீனத்தில் குறிப்பு தருவதாக இருந்தால் இது முக்கியம்.

படி 2: அளவு போடுங்கள்

முதல் தாளுக்குக் கேட்டலில் 20 கேள்வி, வாசிப்பில் 20 கேள்வி போதும். காவோகாவ் கேட்டல் பகுதியின் அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம், மாணவர்களுக்கு அது பழக்கமானது. முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி, ஒரே முறைதான் ஒலிக்கும். அப்புறம் நீளமான ஐந்து பதிவுகள், மொத்தம் 15 கேள்வி, ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். எல்லாக் கேள்விக்கும் மூன்று விடைத் தேர்வுகள்.

இங்கேயே ஒரு கணக்கு. மூன்றில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 20க்கு ஆறோ ஏழோ வந்துவிடும். ஆக 7 வாங்கிய மாணவனுக்குக் 'கொஞ்சம் தெரியும்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கிட்டத்தட்டப் பூஜ்யம்.

படி 3: கேட்டல் கேள்விகள்

இதில் நேரம் செலவழியுங்கள். மாண்டரின் பேசும் காது எங்கே இடறும் என்று தெரியாமல் எழுதும் கேள்விகள் பொது அறிவுக் கேள்விகளாகத்தான் முடியும்.

மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் மூக்கொலியில் முடியும். கடைசியில் ட், க், ப் வராது. அதனால் 'கார்ட்' என்பதும் 'கார்' என்பதும் ஒன்றாகக் கேட்கும். 'வொர்க்ட்' என்பதன் கடைசி ட் காற்றில் போய்விடும், கூடவே இறந்த காலமும் போய்விடும். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது என்பதால் அந்தக் கடைசி ஒலியைத் தேடும் பழக்கமே காதுக்கு இல்லை. 'ஷிப்–ஷீப்', 'திங்க்–சிங்க்' இரண்டும் இன்னொரு தொல்லை. ஹூனான், சிச்சுவான் பக்கத்து மாணவர்கள் பலருக்கும், ஹாங்காங் மாணவர்களுக்கும் 'நைட்–லைட்' வேறுபாடு மங்கலாக இருக்கும். 'ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி', 'கேன்–கான்ட்' ஜோடிகளையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் பேச்சில் 'கான்ட்' என்பதன் ட் பாதி விழுங்கப்படும்.

சேர்த்துப் பேசுவது அடுத்தது. 'நாட் அட் ஆல்' வாயில் ஒரே சொல்லாகிவிடுகிறது. பள்ளியில் புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதில்லை. சீனப் பேச்சில் அசைகள் தனித்தனியாக நிற்பதால், தனியாகச் சொன்னால் தெரிந்த மூன்று சொற்களும் ஒட்டி வரும்போது தெரியாத நான்காவது சொல்லாகிவிடும்.

அப்புறம் எண்கள். சீனர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், அந்த அலகுக்கு 'வான்' என்று பெயர். 2,40,000 அவர்களுக்கு 24 வான். ஆங்கிலத்தில் 'டூ ஹன்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி தௌசண்ட்' என்று காதில் விழுந்ததும் மனதுக்குள் ஒரு மாற்றுக் கணக்கு ஓடும். அது முடிவதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். மில்லியனை லட்சமாக மாற்றித் தடுமாறிய யாருக்கும் இந்த அவஸ்தை புரியும்.

எதிர்மறைக் கேள்வி எனக்குப் பிடித்தது. 'நீ சாப்பிடலையா?' என்றால் நாம் 'ஆமா, சாப்பிடல' என்போம். சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'நோ' வர வேண்டும். உரையாடலில் இப்படி ஒரு பதிலை வைத்து, 'அவன் சாப்பிட்டானா?' என்று கேளுங்கள். வகுப்பில் பாதி கவிழும்.

ஆணையும் பெண்ணையும் குறிக்கும் படர்க்கைச் சொல் சீனப் பேச்சில் ஒன்றேதான், எழுத்தில்தான் வேறுபடும். அண்ணன், தங்கை இருவரைப் பற்றியும் பேசும் ஓர் உரையாடலில், யாருக்குக் காய்ச்சல் என்பதை 'ஹீ', 'ஷீ' மட்டுமே காட்டும்படி அமைத்தால் நல்ல கேள்வி கிடைக்கும்.

இதெல்லாம் ஒலி அளவில். பொருள் அளவில் ஒரு கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் பதிவு செய்ய வேண்டியதைத் தமிழில் தருகிறேன்:

பெண்: 7.15 ரயிலைப் பிடித்துவிடலாமா?
ஆண்: இப்பவே ஏழு மணி. ஸ்டேஷனுக்கே அரை மணி நேரம் ஆகும்.
பெண்: சரி, அடுத்தது 7.45க்கு இருக்கிறது.
கேள்வி: இவர்கள் எந்த ரயிலில் போகக்கூடும்?
விடைத் தேர்வுகள்: 7.00, 7.15, 7.45

மூன்று நேரமும் காதில் விழுகிறது. கேட்ட எண்ணைத் தாளில் தேடிக் குறிக்கும் தந்திரம் பலிக்காது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் விடை என்று பழகிய மாணவன் தப்பித்துவிடுவான். அதனால் அடுத்த உரையாடலில் விடையை முதல் வரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வியின் மொழி, பதிவின் மொழியைவிட எளிதாக இருக்க வேண்டும். கேள்வி புரியாமல் தவறினால் அது கேட்டல் குறை ஆகாது. அடிநிலை வகுப்பு என்றால் கேள்வியைச் சீனத்திலேயே கொடுங்கள். சீனம் தாய்மொழியான சக ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டாமல் அச்சிட வேண்டாம்.

படி 4: ஒலிப்பதிவு

போனில் பதிவு செய்தாலே போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. ஒருவரே குரல் மாற்றிப் பேசினால் யார் பேசுகிறார் என்பதே ஒரு கேள்வியாகிவிடும். கணினிக் குரலும் வேண்டாம், குறிப்பாகச் சொற்கள் ஒட்டிப் பேசும் இடங்களில். மிகத் தெளிவாக உச்சரித்து நீங்கள் எதைச் சோதிக்க நினைத்தீர்களோ அதையே அது அழித்துவிடலாம்.

வேகம்: இயல்பான ஆங்கில உரையாடல் நிமிடத்துக்கு 150 சொற்களை ஒட்டி ஓடும். தொடக்க நிலைக்கு 120 வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே இழுத்தால் சொற்கள் பிரிந்து நின்றுவிடும், காதுக்கு வேலையே இருக்காது. வேகத்தைக் குறைப்பதைவிட வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மௌனத்தைச் செருகலாம். பதிவு தொடங்குமுன் கேள்வியைப் படிக்க ஐந்து நொடி, முடிந்ததும் விடை குறிக்க ஐந்து நொடி.

மாணவர்கள் சீனாவுக்குள் இருந்தால் யூடியூப், கூகுள் இணைப்புகளை அனுப்பிப் பயனில்லை, திறக்காது. எம்பி3 கோப்பை அங்கே எல்லோரும் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டில் அனுப்புங்கள்.

படி 5: வாசிப்புப் பகுதி

மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் 250 முதல் 300 சொல். மொத்தம் 15 கேள்வி. மீதி ஐந்துக்கு காவோகாவில் வரும் 'ஏழில் ஐந்து' வகை. பத்தியில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கேட்பது. பத்தியின் ஓட்டம் புரிகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வகை எனக்குத் தெரியாது.

சொல்வளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள், யார் உதவியும் இல்லாமல் ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 300 சொல் பத்தியில் தெரியாத சொல் ஆறு வரலாம். அதற்கு மேல் போனால் நீங்கள் நடத்துவது சொல் தேர்வு.

சொல் தெரிந்தும் மாணவர்கள் வழி தவறும் இடம் ஒன்று இருக்கிறது. 'மாமா சரிசெய்த ஜன்னலை உடைத்த பையன் ஓடிவிட்டான்' என்று தமிழில் வர்ணனையெல்லாம் பெயருக்கு முன்னால் வரும். சீனத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், அவனைப் பற்றிய கதை பின்னால் தொங்கும், 'ஓடிவிட்டான்' கடைசியில் வரும். அவசரமாகப் படிக்கும் மாணவன், வினைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமாவை ஓடவிடுவான். ஒரு பத்தியில் இப்படி இரண்டு வாக்கியம் வைத்து, 'ஓடியது யார்?' என்கிற மாதிரி நேரடிக் கேள்வி கேளுங்கள். தமிழராக இருப்பதில் இங்கே ஒரு லாபம், அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு உள்ளிருந்தே தெரியும்.

பத்தியின் பொருள் மாணவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படியாக இருக்கக் கூடாது. வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு பற்றிய பத்தியைக் கொடுத்தால் படிக்காமலே எழுதிவிடுவார்கள். அதற்காகக் கிரிக்கெட்டைக் கொடுத்தாலும் அநியாயம்.

படி 6: பதிவு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்டல் தாளை மட்டும் கொடுங்கள், ஒலி வேண்டாம். வாசிப்பிலும் பத்தியை மறைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் கொடுங்கள். மூன்று பேரும் ஒரே கேள்விக்குச் சரியாக எழுதினால் அந்தக் கேள்வி தன்னையே காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது, மற்ற இரண்டும் அபத்தமாக இருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள்.

படி 7: தேர்வும், அதன் பின் பத்து நிமிடமும்

கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 35 நிமிடம். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒலி கேட்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நடத்துவதில் வேறு சூட்சுமம் இல்லை.

சூட்சுமம் அடுத்ததில் இருக்கிறது. கேட்டல் விடைத்தாளை வாங்கியதும், நீளமான பதிவுகளில் இரண்டின் எழுத்து வடிவத்தைக் கொடுங்கள். அதே கேள்விகளை இன்னொரு தாளில் படித்து விடை எழுதச் சொல்லுங்கள். காதால் கேட்டபோது தவறி, கண்ணால் படித்தபோது சரியாக எழுதினால் அவனுக்கு மொழி தெரியும், காதுதான் பழகவில்லை. ஒட்டிப் பேசும் பேச்சைக் கேட்க வைத்து, கேட்டதை எழுத வைக்க வேண்டும். படித்தும் தவறினால் ஒலிப் பயிற்சி கொடுத்துப் புண்ணியமில்லை, சொல்லும் வாக்கிய அமைப்பும்தான் பிரச்சினை. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேருக்கு இரண்டு மருந்து என்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும்.

படி 8: கேள்விகளுக்கு மதிப்பெண் போடுங்கள்

மாணவர்களுக்குப் போட்டாயிற்று, இனி கேள்விகளுக்கு. மொத்த மதிப்பெண் வரிசையில் தாள்களை அடுக்குங்கள். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுங்கள். 30 பேர் வகுப்பில் மேலே 8, கீழே 8. பன்னிரண்டாம் கேள்விக்கு மேல் எட்டில் 7 பேரும், கீழ் எட்டில் 2 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 5, அதை 8 ஆல் வகுத்தால் 0.63. தெரிந்தவனையும் தெரியாதவனையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் அருமையான கேள்வி. 0.30க்கு மேல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், 0.20க்குக் கீழ் என்றால் திருத்த வேண்டும். கீழ் எட்டு மேல் எட்டைவிட நன்றாக எழுதியிருந்தால் விடைக்குறிப்பை முதலில் சரிபாருங்கள். பெரும்பாலும் அதில்தான் பிழை இருக்கும், இல்லாவிட்டால் கேள்விக்கு இரண்டு விடை இருக்கும். இவ்வளவு சின்ன வகுப்பில் இந்த எண்கள் தோராயமானவைதான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தேறிய கேள்விகளை ஒலிக்கோப்போடு சேர்த்துத் தேதி போட்டுச் சேமியுங்கள். தாள்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள், போன்களைத் தேர்வு முடியும்வரை முன் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாளின் படம் வீசாட் குழுவுக்குப் போய்விட்டால் அடுத்த பிரிவுக்கு நீங்கள் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.