பங்கு வரலாறும் பள்ளி வரலாறும்: விழா மலர் எழுதுவோருக்கு

கத்தோலிக்கப் பங்குக்கும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகம்) அதன் பள்ளிக்கும் நூற்றாண்டு மலர் தயாரிப்பவர்கள் முதலில் இடறுவது தொடக்க ஆண்டில்தான். முதல் ஓலைக்கோயில் எழுந்தது, குருவானவர் வந்து தங்கியது, ஆயர் தனிப்பங்காக அறிவித்தது, இன்றைய கோயில் மந்திரிக்கப்பட்டது (புனிதப்படுத்தித் திறக்கப்பட்டது) என நான்கு ஆண்டுகள் உண்டு. வாசலில் பதித்த கல் பெரும்பாலும் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும், பங்கின் வயதை அல்ல. நான்கையும் தனித்தனியே எழுதி, எதிரே ஆதாரத்தைக் குறியுங்கள். ஆதாரம் இல்லாத இடம் காலியாகவே இருக்கட்டும். அதை நிரப்பும் ஆசைதான் பாதி மலர்களைக் கெடுக்கிறது.

ஊர் எந்தெந்தக் காலத்தில் எந்த மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருந்தது என்று பாருங்கள். தாள்கள் இருக்கும் இடமும் மொழியும் அதைப் பொறுத்தவை. சிவகங்கை 1987இல் மதுரையிலிருந்தும், மதுரை 1938இல் திருச்சியிலிருந்தும் பிரிந்தவை. எனவே சிவகங்கைப் பங்கு ஒன்றின் பழைய கடிதத்தை மதுரையிலும் திருச்சியிலும் கேட்க வேண்டும். கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ள இயேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) ஆவணக் காப்பகத்தையும் விடக்கூடாது. தஞ்சாவூர்ப் பகுதி 1952 வரை மயிலாப்பூருக்குள் இருந்ததால் அங்கே போர்த்துகீசியம் எதிர்ப்படலாம். புதுச்சேரி, கும்பகோணம் பக்கம் பிரெஞ்சு.

'1790இல் இயேசு சபையார் கட்டிய கோயில்' என்று எங்காவது படித்தால் நின்று யோசியுங்கள். 1773 முதல் 1814 வரை அந்தச் சபையே ஒடுக்கப்பட்டிருந்தது. முன்னாள் சபைக் குரு ஒருவர் இருந்திருக்கலாம்தான். அப்படியானால் பெயர் வேண்டும்.

உண்மையான புதையல் ஞானஸ்நானப் பதிவேடு. பழையவை லத்தீனில் இருக்கும், மிரள வேண்டாம். பாப்டிசாவி (ஞானஸ்நானம் கொடுத்தேன்), ஃபிலியுஸ், ஃபிலியா (மகன், மகள்), பாத்ரினி (ஞானப்பெற்றோர்) என இருபது சொற்கள் தெரிந்தால் பக்கம் நகரும். ஆண்டுவாரியாக எண்ணும்போது குழந்தைகளையும் பெரியவர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். 1876–78 பஞ்சத்தை ஒட்டிப் பெரியவர்களின் எண்ணிக்கை ஏறியிருந்தால், அதைப் பங்கின் இயல்பான வளர்ச்சியாக எழுதிவிடக் கூடாது. திடீரென்று பாதியாகக் குறைந்தால் கொள்ளைநோய் என்று முடிவுகட்டுமுன், ஏதாவது கிளைக்கிராமம் (பங்கின் கீழ் உள்ள சிற்றூர்) தனிப்பங்காகப் பிரிந்ததா என்று பாருங்கள். இறப்புப் பதிவேடு உண்மையைச் சொல்லிவிடும்.

பள்ளிக்குச் சேர்க்கைப் பதிவேடு, அங்கீகார ஆணை, தரம் உயர்த்திய ஆணை, ஆய்வாளர் குறிப்புகள் ஆகியவை போதும். கோயில் தாழ்வாரத்தில் பாடம் நடந்த காலமும் அங்கீகாரம் கிடைத்த ஆண்டும் ஒன்றல்ல, இரண்டையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மேல்நிலைப்பள்ளி ஆனதாக எழுதியிருந்தால் அது உயர்நிலைப்பள்ளியாக இருந்திருக்கும். கன்னியர் நடத்திய பள்ளியென்றால் அவர்கள் சபையின் தலைமை இல்லத்தில் கேளுங்கள்.

பதிவேட்டைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு, பங்கு இல்லத்திலேயே வைத்துப் பாருங்கள். கை உலர்ந்திருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். பக்க எண் தெரியும்படி நேர்மேலிருந்து படமெடுங்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். லேமினேஷன் அதைவிட மோசம்.

சாதி, தந்தை பெயர் இல்லாத பிறப்பு போன்றவை பதிவேட்டில் வெளிப்படையாக இருக்கும். கோயிலுக்குள்ளும் கல்லறையிலும் சாதிப் பிரிவினை இருந்திருந்தால் அதை மலரில் எழுதத்தான் வேண்டும்; ஆனால் தனிக் குடும்பத்தை அடையாளம் காட்டும் பக்கத்தைப் படமாகப் போடக்கூடாது. அச்சுக்குப் போகுமுன் கிளைக்கிராமப் பெரியவர்களிடம் வரைவைப் படித்துக்காட்டுங்கள். விட்டுப்போன உபதேசியார் (ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர்) பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.