ரிவர்ஸ் விழவில்லையா? டிஎஸ்ஜி கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன்

கோவையில் சின்னதாக ஒரு ஒர்க்ஷாப் நடத்துகிறேன். டிஎஸ்ஜி, அதாவது ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டிகள் நிறைய வரும். வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வேறு எங்கோ காட்டிவிட்டு, "மெக்கட்ரானிக் போயிடுச்சாம்" என்ற தீர்ப்போடுதான் வருவார்கள். கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பகுதியும் சேர்ந்த யூனிட்தான் மெக்கட்ரானிக். கியர் விழவில்லை என்றால் உடனே மெக்கட்ரானிக்கை மாற்று என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அது லட்சத்தைத் தொடும் செலவு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. அதில் பாதியை வீட்டு வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

நான் இங்கே சொல்வது டிகியூ200 என்கிற ஏழு கியர், உலர் கிளட்ச் பெட்டியைப் பற்றி. 2008இல் வந்த டிசைன். நம் ஊரில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, வென்ட்டோ, ரேபிட் டீசல், ஆக்டேவியா 1.8 என்று பல வண்டிகளில் வந்தது, இப்போது 1.5 டிஎஸ்ஐ டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியாவிலும் இதுதான். அதே வண்டிகளின் 1.0 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் என்ற ஆயில் வழி இணைப்பு கொண்ட வேறு வகைப் பெட்டி. அதற்கு இந்தக் குறிப்பு ஒத்துவராது.

முதல் கேள்வி: எந்த கியர் விழவில்லை? இந்தப் பெட்டிக்குள் இரண்டு கியர்பாக்ஸ் சேர்ந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளட்ச்சில் 1, 3, 5, 7. இன்னொன்றில் 2, 4, 6, அப்புறம் ரிவர்ஸ். கியரைத் தள்ளும் ஃபோர்க்குகள் நான்கு: 1-3, 2-4, 5-7, 6-ரிவர்ஸ். ஒரு பக்கத்தில் கோளாறு என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டு, மறுபக்கத்தில் வண்டியை நகர்த்தப் பார்க்கும். மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்கும், இல்லையென்றால் ஸ்பேனர் படம் வரும்.

ஒரு தடவை ஒரு பையன் வந்தான். "அண்ணா, முன்னாடி போகுது, ரிவர்ஸ் மட்டும் விழல."

"முன்னாடி போறப்ப ஒண்ணுல இருந்து நேரா மூணுக்குத் தாவுதா தம்பி?"

"ஆமாண்ணா, ஒண்ணுலயே கத்திட்டு இருக்கும், அப்புறம் டமால்னு மூணு."

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுவதற்கு முன்பே இரட்டைப்படைப் பக்கம் மூடிக் கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது. நேர்மாறாக, ரிவர்ஸ் நன்றாக விழுந்து, முன்னால் போகும்போது இரண்டாவது கியரில் திணறிக்கொண்டு கிளம்பினால் ஒற்றைப்படைப் பக்கம் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் எதுவுமே விழவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் தேட வேண்டும்: கரண்ட், லீவர், ஆயில் பிரஷர்.

கரண்ட்டிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். மெக்கட்ரானிக்கில் இருக்கும் பம்ப் மின்சார மோட்டார் பம்ப். வோல்டேஜ் விழுந்தால் அது தடுமாறும், கம்ப்யூட்டர் சம்பந்தமே இல்லாத கோளாறுக் கோடுகளையெல்லாம் (ஃபால்ட் கோட்) எழுதி வைக்கும். பி0562 என்ற கோடு கூட்டத்தில் இருந்தால், மற்ற கோடுகளை அழித்துவிட்டு பேட்டரி வேலையை முடித்தபின் மறுபடி பாருங்கள். மெக்கட்ரானிக்கின் ஃபியூஸையும் பாருங்கள். புதிது போட்டதும் மறுபடி எரிந்தால் மூன்றாவது ஃபியூஸ் போட வேண்டாம். உள்ளே பம்ப்புக்குக் கரண்ட் போகும் தடம் கருகியிருக்கலாம்.

அடுத்தது லீவர். பலருக்குத் தெரியாத விஷயம் இது: லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் பார்க்கிங் லாக்கை மட்டும்தான் இயக்குகிறது. டி, ஆர், என் எல்லாம் லீவருக்கு அடியில் உள்ள சென்சார்கள் படித்து, வயரில் செய்தியாக அனுப்புபவை. அதனால் லீவர் கோளாறும் கியர்பாக்ஸ் கோளாறும் வேறு வேறு.

லீவர் பி-யிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்கிறதா? பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் லைட் சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கிறது. பிரேக் மிதித்த செய்தி வராததால் லீவரின் பூட்டு திறக்கவில்லை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அவசரத்துக்கு லீவரின் தோல் உறையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கிளப்பிவிட்டு, உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை அழுத்திக்கொண்டே லீவரை நகர்த்தலாம். ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்தபிறகு மட்டும்.

லீவர் பி-யில் இருந்தும் சாவி வெளியே வரவில்லை, அல்லது இஞ்சினை அணைத்தபிறகும் "பி-க்கு மாற்று" என்று மீட்டர் கெஞ்சிக்கொண்டே இருக்கிறது என்றால், எனக்குச் சந்தேகம் எஃப்319 மேல்தான். லீவர் பி-யில் பூட்டியிருக்கிறதா என்று சொல்லும் சின்ன மைக்ரோ சுவிட்ச் அது. லீவரை பி-யில் வைத்து, கைப்பிடியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடி ஸ்கேனரில் லைவ் டேட்டாவைப் பாருங்கள். பூட்டியது, பூட்டவில்லை என்று மாறி மாறிக் காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். கம்பெனியில் முழு லீவரையே மாற்றச் சொல்வார்கள். லீவரைக் கழற்றி, விரல் நகம் அளவுள்ள அந்தச் சுவிட்சை மட்டும் சால்டர் செய்து மாற்றினால் போதும். கான்டாக்ட் கிளீனர் அடித்தாலும் சரியாகும், ஆனால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். நான் அடிப்பதில்லை.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால் பிரஷருக்கு வருவோம். இங்கேதான் பொறுமை வேண்டும். மெக்கட்ரானிக்குக்குத் தனியாக ஒரு லிட்டர் ஹைட்ராலிக் ஆயில், பல் சக்கரங்களுக்கு வேறாக 1.7 லிட்டர் கியர் ஆயில். இரண்டும் கலக்காது. பம்ப் அந்த ஆயிலை அக்குமுலேட்டர் என்ற உருளையில் அழுத்திச் சேமிக்கும். கிளட்ச்சையும் ஃபோர்க்குகளையும் தள்ளுவது அந்த அழுத்தம்தான். இக்னிஷனை ஆன் செய்து, இஞ்சினை ஓட்டாமல், பிரஷரையும் பம்ப் ஓடுகிறதா என்பதையும் ஸ்கேனரில் சேர்த்து வையுங்கள். பிரேக்கை மிதித்து லீவரை ஆர், டி என்று நகர்த்துங்கள். நல்ல பெட்டியில் பிரஷர் படிப்படியாக 40 பார் அளவுக்கு இறங்கும், பம்ப் ஓடும், சில நொடியில் 60 பக்கம் ஏறும், பம்ப் நிற்கும். லீவரைத் தொடாமலே பிரஷர் வழிந்து, பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடினால் எங்கோ கசிவு. ஒரே நொடியில் மேலே எகிறி, ஒரே ஷிப்ட்டில் தொபுக்கென்று விழுந்தால் அக்குமுலேட்டருக்குள் இருக்கும் வாயு போய்விட்டது. பி17பிஎஃப், பி189சி கோடுகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

கசிவுக்கு அடிக்கவரைக் கழற்றி, டார்ச் அடித்து மெக்கட்ரானிக்கின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அக்குமுலேட்டர் திருகியிருக்கும் இடத்தில் அலுமினிய உடலில் முடி அளவுக்கு வெடிப்பு விழுவது இந்தப் பெட்டியின் பெயர்போன வியாதி. ஆயில் தூசியோடு சேர்ந்து அங்கே பசை மாதிரி படிந்திருக்கும். இதற்கும் முழு மெக்கட்ரானிக் தேவையில்லை. பலப்படுத்திய உடற்பகுதி தனியாகக் கிடைக்கிறது.

மெக்கட்ரானிக்கைக் கழற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் எல்லா ஃபோர்க்கையும் ஸ்கேனர் மூலம் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், கிளட்ச் தள்ளிகளை அதற்கான கம்பியால் விலக்குங்கள், மூச்சுக்குழாய்களை மூடியால் அடையுங்கள். கனெக்டர் பின்களை வெறும் விரலால் தொடாதீர்கள், நிலைமின்சாரம் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரைக் கொன்றுவிடும். திரும்ப மாட்டும்போது கியர் தள்ளும் தண்டுகள் 25 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர்க்கில் உட்காராது. ஆயிலை அளந்து ஒரு லிட்டர் ஊற்றுங்கள். லெவல் பார்க்க அதில் வழியில்லை.

சரி, அந்தப் பையனின் வண்டிக்கு வருகிறேன். பிரஷர் அழகாக ஏறி இறங்கியது. 6-ரிவர்ஸ் ஃபோர்க்கின் இருப்பிடம் மட்டும் லைவ் டேட்டாவில் தாவிக்கொண்டே இருந்தது. கியர் ஆயிலை இறக்கினேன். காந்தம் வைத்துத் துழாவியதில் அரிசி நொய் போல இரும்புத் துணுக்கு, அதோடு வளைந்த ஒரு தகட்டுத் துண்டு. ஃபோர்க் வழுக்கி ஓடுவதற்கான குண்டு பேரிங்கின் கூடு உடைந்திருந்தது. அந்தத் துணுக்குகள் ஃபோர்க்கின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு சென்சாரைக் குழப்பின. இங்கே புது மெக்கட்ரானிக் போட்டிருந்தால் பணமும் போய், ரிவர்ஸும் வந்திருக்காது. பெட்டியை இறக்கித் திறந்து, ஃபோர்க்கை மாற்றி, உள்ளே முழுக்கக் கழுவினோம்.

ஆயில் விஷயத்தில் ஒன்று. 2013இல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்தப் பெட்டியின் செயற்கை கியர் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றியது. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் பழைய ஆயில் மின்பகுதியில் ஷார்ட் உண்டாக்கியதுதான் காரணம். அந்தக் கால வண்டியை செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள், அந்த மாற்றம் நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள்.

பழைய மெக்கட்ரானிக்கை இன்னொரு வண்டியிலிருந்து எடுத்துப் போடலாமா என்று கேட்பார்கள். பார்ட் நம்பரும் சாஃப்ட்வேரும் பொருந்தினால் போடலாம். புது மாடல்களில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்போடும் இணைக்க வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாத கடையில் இதைத் தொடங்காதீர்கள்.

எதை மாற்றினாலும் கடைசியில் பேசிக் செட்டிங் கட்டாயம். ஆயில் சூடு 30 டிகிரிக்கு மேல், லீவர் பி-யில், கால் பிரேக்கில், பேட்டரிக்கு சார்ஜர் போட்ட நிலையில் ஸ்கேனரில் அதை ஓட்டுங்கள். கிளட்ச் தொடும் புள்ளியையும் ஃபோர்க்குகளின் எல்லையையும் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும். உள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். பாதியில் நின்றால் எந்த ஃபோர்க்கில் நின்றது என்று பாருங்கள், மிச்சக் கோளாறு அங்கேதான். முடிந்ததும் கூட்டமில்லாத ரோட்டில் ஒன்று முதல் ஏழு வரை நிதானமாக ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு, ரிவர்ஸைச் சரிவான இடத்தில் போட்டுப் பாருங்கள். கோடு திரும்ப வரவில்லை என்றால் வண்டியைக் கொடுத்துவிடலாம்.